சார்ஜன் இருக்க மறுத்த கூண்டு

கிரில் அடிப்பவனுடைய வேலை, வெளியே நிற்பவன் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது. உள்ளே இருப்பவன் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது முற்றிலும் வேறு வேலை. இது புரியாமல்தான், பகாவில் ஜன்னல் கிரில்லும் கேட்டும் அடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்த நான் நாய்க்கூண்டு செய்து தருவதாகத் தலையாட்டினேன்.

பலமான நாயை வளர்த்து அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கையில் கருவாட்டுத் துண்டோடு ரோட்டோரம் நின்று, ஒரே பெயரைக் கொஞ்சலாகவும் மிரட்டலாகவும் மாற்றி மாற்றிக் கூப்பிட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த நேரத்தில் நாய் நம்மைத் திரும்பிப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

என்னை இந்த வேலையில் இழுத்துவிட்ட நாயின் பெயர் சார்ஜன். பகாவுக்குப் பக்கத்தில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் முனியாண்டி அண்ணன் வீட்டு நாய். காடு வெட்ட வந்த குத்தகைக்காரர் ஒருவர் வேலை முடிந்து போகும்போது விட்டுவிட்டுப் போனது. அம்மா ராட்வைலர் என்பார்கள். அப்பா யார் என்பதில் தோட்டத்தில் பல கருத்து உண்டு. அண்ணன் வீடு தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு, பின்னாலேயே செம்பனைக் காடு. அண்ணன் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அவர் மனைவி செல்லம்மா அக்கா தனியாக இருந்தபோது திருடர்கள் புகுந்து, கழுத்தில் கிடந்ததை அறுத்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அக்காவுக்குத் தூக்கமே இல்லாமல் போனது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரைக்கும் வராத தூக்கம் சார்ஜன் வந்த பிறகுதான் வந்தது. ஆகவே அந்த வீட்டில் நாய் போனால் நாய் மட்டும் போகாது.

உள்ளே ஒரு தாழ்ப்பாள்

சார்ஜன் வேலி தாண்டி ஊர் சுற்றுகிறான், ஒரு கூண்டு வேண்டும் என்று அண்ணன் வந்து கேட்டபோது, நானும் லிங்கமும் கொஞ்சம் அலட்சியமாகத்தான் ஒப்புக்கொண்டோம். லிங்கம் என்னோடு சேர்ந்து வெல்டிங் பழகியவர்; இன்றைக்கும் என் பட்டறையில் கூட வேலை செய்பவர். அதிகம் பேச மாட்டார். திருடனைத் தடுக்கிற எங்களுக்கு ஒரு நாய் என்ன பெரிய விஷயம் என்று அன்றைக்கு நான் பேசிக்கொண்டிருக்க, அவர் குழாயை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

கனமான இரும்புக்குழாயில் சட்டம், நடுவில் கம்பி, பச்சைப் பெயின்ட். தோட்டத்துக்குக் கொண்டுபோய் இறக்கியபோது லயமே வந்து பார்த்தது. கதவைச் சாத்தித் திறந்து காட்டினேன். அண்ணன் கூண்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு குனிந்து கம்பிக்குள் கையை விட்டு எதையோ தொட்டுப் பார்த்தார். இத்தனை வருஷம் வீடுகளுக்கே அடித்துப் பழகிய கை, பழக்கதோஷத்தில் தாழ்ப்பாளைக் கூண்டின் உள்பக்கம் வைத்து வெல்ட் பண்ணியிருந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்கிற முகத்தோடு கேட்டார்: "ஏன் தம்பி, சார்ஜனே உள்ள இருந்து பூட்டிக்கணுமா?"

கீல் எந்தப் பக்கம்

தாழ்ப்பாளை வெட்டி வெளிப்பக்கம் மாற்றினோம். ஆனால் கீலை மாற்றவில்லை. வீட்டுக் கதவில் கீலின் ஊசி உள்பக்கம்தான் இருக்கும்; வெளியே இருந்தால் திருடன் தட்டி எடுத்துவிடுவான். அதே சாமர்த்தியத்தைக் கூண்டிலும் காட்டியிருந்தோம். இங்கே திருடன் உள்ளே இருக்கிறான் என்பது எங்கள் மண்டையில் இன்னும் ஏறவில்லை. சார்ஜன் ஊசியின் தலையைப் பல்லால் கவ்வி, மேலே மேலே தள்ளி, இரண்டையும் கழற்றிவிட்டான். பூட்டு பூட்டினபடியே இருக்க, கதவு மறுபக்கமாகத் திறந்துகொண்டது.

வெளியே வந்தவன் குலை வெட்டப் போய்க்கொண்டிருந்த இந்தோனேசியத் தொழிலாளி சுகிரின் மோட்டார் சைக்கிளைத் துரத்தினான். கடிக்கவில்லை. ஆனால் மோட்டார் கால்வாயில் விழுந்து சுகிருக்குக் கை முறிந்துவிட்டது. தோட்ட மேனேஜர் அன்றைக்கே அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். கண்டிப்பானவர்தான், ஆனாலும் கத்துகிறவர் இல்லை. இன்னும் ஒரு தடவை இந்த நாய் வெளியே சுற்றுவதாகத் தெரிந்தால் நகராண்மைக் கழகத்து நாய் வண்டியைக் கூப்பிட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வண்டியில் ஏறுகிற நாய் திரும்பி வருமா என்று செல்லம்மா அக்கா எங்களைக் கேட்டார். லிங்கம் கீலை வெட்டக் கிரைண்டரை எடுத்தார்.

சுகிரைப் பார்க்க நானும் போயிருந்தேன். கையில் கட்டோடு வாங்கில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டதும் பெருந்தன்மையாகத் தலையை அசைத்தார். நாய் கெட்ட நாய் இல்லையாம், வேகம்தான் அதிகமாம். அவர் வாயால் சொன்னது இது: "அஞ்சிங் இத்து தாக் ஜஹாட், பாங். ச்சுமா லாஜு."

அக்கா உட்கார்ந்த முக்காலி

கீலை வெளியே திருப்பி, ஊசியின் இரண்டு முனையையும் வெல்ட் வைத்து அடைத்தோம். சார்ஜன் அதை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, அந்தப் பக்கமே போகவில்லை. நல்ல நாய்க்கு அடையாளம் இதுதான். முடியாத இடத்தில் முட்டி மோதி நேரத்தை வீணாக்காது. நேராகத் தரைக்கு வந்தான். கூண்டை நாங்கள் செம்மண்ணில் அப்படியே இறக்கி வைத்திருந்தோம்.

அண்ணனிடமிருந்து போன் வந்ததும் லாரியை எடுத்துக்கொண்டு ஓடினோம். போய்ப் பார்த்தால், செல்லம்மா அக்கா கூண்டுக்கு வெளியே, கம்பியோரமாக ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் முருங்கைக்கீரை, உருவிக்கொண்டிருந்தார். முக்காலிக்கு அடியில் சார்ஜன் தோண்டிய குழி. குழியில் அவன் மூக்கு மட்டும் தெரிந்தது. காலையிலிருந்து அக்கா எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவன் வந்துவிடுவான். வந்தால் வண்டி வந்துவிடும். அவர் இதை அழுகையில்லாமல், ஒரு வேலையைச் சொல்வது போலச் சொன்னார்.

பிறகு தரை முழுக்கக் கம்பிவலையைப் பரப்பி, அதைக் கூண்டின் சட்டத்தோடு சேர்த்து வெல்ட் பண்ணி, மேலே சிமெண்ட் போட்டோம். கழுவுகிற தண்ணீர் பின்பக்கம் ஓடச் சரிவு, தண்ணீர் போகிற ஓட்டை நாயின் பாதத்தைவிடச் சின்னதாக. சிமெண்ட் காயும்வரை சார்ஜனைச் சங்கிலியில் போட்டு வைத்தார்கள். வேலையெல்லாம் முடிந்து லாரியில் திரும்பும்போது லிங்கம் அன்றைய தினத்தின் முதல் வார்த்தையைப் பேசினார்: "நாய்க்குன்னு கூண்டு கட்டி, அக்காவையில்ல கட்டிப் போட்டிருக்கோம்."

மந்தினில் ஒரு ரோஜாப்பூ

நாய்க்கூண்டுக்காரன் என்று பெயர் பரவியதில் மந்தினிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவரிடம் இருந்தது ஒல்லியான, காது விறைத்த, ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிற ஒரு போலீஸ் நாய் சாதி. வீட்டு ஜன்னல் கிரில்லில் இருக்கிற அதே டிசைன் கூண்டிலும் வேண்டும் என்றார். குறுக்கே வரிசையாகக் கம்பி, நடுநடுவே இரும்பு ரோஜாப்பூ. குறுக்குக் கம்பி வேண்டாம், நெட்டுக் கம்பி போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் எதிர்ப்பேச்சுக் கேட்காதவர். கூரையும் வேண்டாம், செடிக்கு வெயில் மறைக்கும் என்று முடித்துவிட்டார்.

அன்பர்களே, குறுக்குக் கம்பி என்பது நாய்க்கு ஏணி. நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் அந்த நாய் படியேறி, உச்சியில் ஒரு நொடி நின்று சுற்றுவட்டாரத்தைப் பார்வையிட்டு, செடி மேல் குதித்தது. ஆசிரியை முகம் வாடிவிட்டது. இனிமேலாவது நெட்டுக் கம்பிக்குச் சம்மதிப்பார் என்று நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார்: "ஏறுறது பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. என் ரோஜாப்பூ மேலயா கால வைக்கணும்?"

செண்டாயானில் நடந்த வீடு

செண்டாயான் பக்கம் புதிய தாமான் குடியிருப்பு ஒன்றில் ஒரு இளம் தம்பதி. இரண்டு பேரும் பேக்டரி ஆபீஸில் வேலை. கூண்டை போனில் பார்த்து ஆர்டர் பண்ணி, பெட்டியில் வந்ததைத் தாங்களே மாட்டியிருந்தார்கள். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அடித்தட்டு இல்லை, தரையோடு பிடிப்பும் இல்லை. அவர்களுடைய நாய் நல்ல தடிமன். வண்டி மாடு மாதிரி முன்பக்கம் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளியிருக்கிறது. கூண்டு நகர்ந்திருக்கிறது. நாய் உள்ளேயே நடந்திருக்கிறது. கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, கேட் திறந்திருந்ததால் ரோட்டையும் தாண்டி, எதிர்வீட்டுக் காரின் மேல் இடித்து நின்றிருக்கிறது.

சட்டப்படி பார்த்தால் நாய் தப்பிக்கவே இல்லை, கூண்டுக்குள்தான் இருந்தது. கூண்டின் நாலு காலுக்கும் தகடு வைத்துத் தரையில் போல்ட் அடித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் காரைப் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டி எனக்கு விளக்கினாள்: "அங்கிள், நாய் ஓடல லா. வீடுதான் ஓடிருச்சு."

லிங்கம் உள்ளே

இந்த இரண்டு இடத்துப் பாடத்தையும் எடுத்துக்கொண்டு சார்ஜனிடம் திரும்பினேன். அவன் கூண்டுக்கு நெட்டுக் கம்பி, கம்பிக்குக் கம்பி மூக்கு நுழையாத இடைவெளி, மேலே தகரத்துக்குக் கீழே கம்பிவலை, தரையில் போல்ட். சாப்பாட்டுத் தட்டை வெளியிலிருந்தே தள்ள அடியில் ஒரு சந்து வைத்தேன்; சோறு வைக்கக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. தண்ணீருக்கும் அப்படியே. கழுவுவது மட்டும் ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் சங்கிலி மாட்டிப் பிடித்துக்கொண்டு கழுவுவார்.

மிச்சம் இருந்தது கதவு. நடுவில் ஒரே தாழ்ப்பாள் இருந்ததால், கீழ் மூலையை லிங்கம் காலால் உதைக்கும்போது சட்டம் வளைந்து இடைவெளி விழுந்தது. ஒரு தலை நுழையும் அளவு. தலை நுழைந்தால் மீதி நாய் எப்படியாவது வந்துவிடும். ஆகவே மேலே ஒன்று, கணுக்கால் உயரத்தில் ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள் வைத்தேன். இரண்டையும் போட்டால் கதவு அசையவே இல்லை.

சோதித்துப் பார்க்க லிங்கமே உள்ளே போனார். நான் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன். அவர் முட்டினார், உதைத்தார், தொங்கினார். அதற்குள் அக்கா காப்பிக்குக் கூப்பிட்டார், போய்விட்டேன். காப்பியோடு அவல் உப்புமாவும் இருந்தது. அண்ணன் தோட்டத்துக் கதையை ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து வெளியிலிருந்து லிங்கத்தின் குரல் அமைதியாக வந்தது: "தரம் சரியா இருக்கு. இப்ப தொறங்க."

பூட்டியிருக்க, நாய் இல்லை

அதன் பிறகு சார்ஜன் அடங்கிவிட்டான். அக்காவும் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷம். கிரில் அடித்துக் கொடுத்த வீடுகளில் யாராவது நிம்மதியாகத் தூங்கினார்களா என்று நான் விசாரித்ததில்லை. இந்த ஒரு வீட்டில்தான் விசாரித்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார்ஜன் வெளியே நின்றான். யாரும் பார்ப்பதற்குள் அக்கா கருவாட்டைக் காட்டிக் கூட்டி வந்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையும் நின்றான். இந்தத் தடவை ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்தில். அங்கே காவலுக்கு இருந்த ஜாகா பார்த்துவிட்டார். மேனேஜர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. வரும் சனிக்கிழமை காலை வண்டி வரும் என்று ஆள் அனுப்பிவிட்டார்.

நான் போய்க் கூண்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரு கம்பி வளையவில்லை. ஒரு வெல்ட் விடவில்லை. இரண்டு தாழ்ப்பாளும் போட்டபடி இருந்தன. கதவின் கீழ் மூலையில் மட்டும் கொஞ்சம் கறுப்பு ரோமம் ஒட்டியிருந்தது. அண்ணனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகம். நாய் குரைப்பதாக அவர் முன்பே புகார் சொன்னவர். அண்ணன் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்க, அவர் பதிலுக்குக் கேட்க, கைகலப்பு ஆகாமல் போனது லிங்கம் நடுவில் நின்றதால்தான். அக்காவைத் தனியாகக் கேட்டேன். கதவை யாராவது திறந்தார்களா, நீங்கள் திறந்தீர்களா, எதையாவது எடுக்க, வைக்க, கூட்ட? அக்காவின் கண்ணுக்குக் கீழே மறுபடியும் கறுப்பு விழுந்திருந்தது. அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை என்பது அந்தத் தோட்டத்துக்கே தெரியும். வாசலில் நட்டிருந்த முனீஸ்வரர் சூலத்தைப் பார்த்துச் சொன்னார்: "சத்தியமா யாரும் தொறக்கல தம்பி. அவன் எப்படியோ போயிடுறான்."

கற்பூரத் தட்டு

வண்டி வருவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், நானே போய் உட்கார்ந்தேன். கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, அண்ணனுடைய மோட்டாருக்குப் பின்னால். அண்ணன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. சார்ஜன் என்னைப் பார்த்தான், அலட்சியமாகக் கொட்டாவி விட்டான்.

அக்கா குளித்து, மஞ்சள் பூசி, வீட்டுக்குள் விளக்கேற்றினார். மணி அடித்தது. சாம்பிராணி வாசம் வந்தது. பிறகு கற்பூரம் எரிகிற தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். சூலத்துக்குக் காட்டினார். அப்படியே நேராகக் கூண்டுக்கு வந்தார். வலது கையால் மேல் தாழ்ப்பாள், கால் கட்டைவிரலால் கீழ்த் தாழ்ப்பாள். உள்ளே போய்ச் சார்ஜனுக்குத் தட்டை மூன்று சுற்றுச் சுற்றினார். சார்ஜன் சாதுவாக உட்கார்ந்து நெற்றியைக் காட்டினான். விபூதி பூசினார், குங்குமம் வைத்தார். பைரவருடைய வாகனம் அல்லவா. வெளியே வந்து மேல் தாழ்ப்பாளைப் போட்டார். கீழ்த் தாழ்ப்பாளைக் கால்விரலால் திறக்கலாம், போட முடியாது. அதற்குக் குனிய வேண்டும். குனிந்தால் தட்டு சரியும், எரிகிற கற்பூரம் மண்ணில் விழும். வெள்ளிக்கிழமை அது நடக்கலாமா? தட்டைச் சாமியிடத்தில் வைத்துவிட்டு வந்து போடலாம் என்று உள்ளே போனார்.

அவர் வாசற்படி ஏறியதும் சார்ஜன் எழுந்தான். நெற்றியில் குங்குமத்தோடு வந்து கீழ் மூலையில் தோளைக் கொடுத்தான். ஓடிப்போய் நான் என் காலைக் கொடுத்தேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், முகத்துக்கு முகம். அக்கா திரும்பி வரும்வரை என் வாழ்க்கையில் அவ்வளவு பயபக்தியாக நான் எங்கும் நின்றதில்லை. இதற்கு முன் அவர் திரும்பி வந்தபோதெல்லாம் நாய் போயிருக்கும். மேல் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்ததால் அவர் கணக்கில் கதவு பூட்டித்தான் இருந்தது. வந்த வேலையை முடிக்கக் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு நாயைத் தேடப் போயிருக்கிறார். கதவைத் திறக்கவில்லை என்று சொன்னீர்களே அக்கா என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்: "நான் எங்க தம்பி தொறந்தேன்? சாமிதானே கும்பிட்டேன்."

வண்டி வரும் நாள்

சனிக்கிழமை விடிந்ததும் நானும் லிங்கமும் ஜெனரேட்டரோடு போய் இறங்கினோம். வெள்ளிக்கிழமை பூசையை நிறுத்துங்கள் என்று அக்காவிடம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. சார்ஜன் உட்கார்ந்தால் நெற்றி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அந்த உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினோம். கை போகும், தலை வராது. மேலே தூக்குகிற ஒரு மூடி. தட்டோடு நின்றபடியே ஒரு கையால் திறந்து, பூசி, மூடலாம்.

வண்டிக்கு முன்னால் மேனேஜர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் நம்பவில்லை. நாயைக் காப்பாற்ற ஜோடித்த கதை என்றே நினைத்தார். அதற்குள் அக்கா சனிக்கிழமை என்றும் பாராமல் விளக்கேற்றித் தட்டோடு வந்துவிட்டார். மேனேஜர் இருப்பதைக் கவனித்தாரா என்று தெரியாது. மூடியைத் தூக்கினார். சார்ஜன் ஜன்னலில் நெற்றியை வைத்தான். விபூதி பூசிக்கொண்டிருக்கும்போதே, கை சரியாகி வேலைக்கு வந்துவிட்ட சுகிரின் மோட்டார் லயத்து ரோட்டில் வந்தது. சார்ஜன் திரும்பிப் பாய்ந்தான். மொத்த உடம்பையும் கதவில் மோதினான். கீழ் மூலையில் மோதினான். மறுபடி மோதினான். தகரக் கூரை அதிர்ந்தது; கதவு அசையவில்லை. மோட்டார் போய்விட்டது. அக்கா மூடியை இறக்கினார்.

மேனேஜர் குனிந்து இரண்டு தாழ்ப்பாளையும் தானே ஆட்டிப் பார்த்தார். கீழ் மூலையை ஷூவால் மிதித்துப் பார்த்தார். அக்கா அவர் பக்கம் தட்டை நீட்டினார். அவர் பழக்கத்தில் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். பிறகுதான் அது எந்தத் தட்டு என்பது அவருக்கு உறைத்தது. போனை எடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "வண்டிய வரவேணாம்னு சொல்லிடுறேன். அந்த ஜன்னல் மட்டும் இதுக்கு மேல பெருசாகக் கூடாது."

அரம்

மேனேஜர் போன பிறகு பார்த்தால் ஜன்னலின் வெளி விளிம்பு கொஞ்சம் பிசிறாக இருந்தது. அக்காவின் கையைக் கிழித்துவிடும். வண்டி வருவதற்குள் முடிக்கிற அவசரத்தில் விட்டுப்போனது. கிரைண்டரை எடுத்து வயரை மாட்டினேன். சார்ஜன் குங்குமத்தோடு சிமெண்ட் தரையில் நீட்டிப் படுத்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

சுவிட்சைப் போடப் போகும்போது முனியாண்டி அண்ணன் வீட்டிலிருந்து வேகமாக வந்து என் கையைப் பிடித்தார். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். செல்லம்மா அக்கா கூடத்தில் வெறும் பாயில், தலையணைகூட இல்லாமல், ஒரு கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்திருந்தார். தட்டு பக்கத்திலேயே இருந்தது. அந்த விளிம்பை அன்று நானும் லிங்கமும் அரத்தை வைத்து, மாற்றி மாற்றி, மத்தியானம் வரை கையால் தேய்த்தோம். அண்ணன் என் கையைப் பிடித்தபடி சொன்னது இவ்வளவுதான்: "மெஷின் வேணாம் தம்பி. அவ தூங்குறா."

இப்போதெல்லாம் கூண்டு கேட்டு யார் வந்தாலும், நாயின் எடையைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்று கேட்கிறேன், பாதிப்பேர் என்னைச் சோசியக்காரன் என்று நினைத்துக் கையை நீட்டுகிறார்கள்.